916 என்று அடித்தவர் யார்?

(கிழக்கிலங்கையின் நாவிதன்வெளியில் நகை வாங்குவோருக்கும் நகைத் தொழிலாளருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கும் தங்கம் ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. உம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்து வாங்கி வந்த காப்பு இருக்கும். சென்னைக்கு மருத்துவத்துக்குப் போனவர் தியாகராய நகரில் வாங்கிய தோடு இருக்கும். கல்முனையில் சொல்லிச் செய்வித்த சங்கிலியும், பாட்டி காலத்துப் பத்தர் தட்டிக் கொடுத்த அட்டியலும் இருக்கும். குவைத்துக் காப்பில் 875 என்றிருக்கிறது. சென்னைத் தோட்டில் ஒரு முக்கோணக் குறியும், 22கே916 என்பதும், ஆறு எழுத்தும் இலக்கமுமாக ஒரு தொடரும் இருக்கின்றன. சங்கிலியில் 22 என்று மட்டும் இருக்கிறது. அட்டியலில் ஒன்றுமில்லை.

பணமுடை வந்து இந்த நாலையும் எடுத்துக்கொண்டு அடகுக்கோ மாற்றுவதற்கோ போகும்போது, நாலும் ஒரே உரைகல்லில்தான் தேய்க்கப்படுகின்றன. கல்லின் மறுபக்கம் இருப்பவர் சொல்வதுதான் மாற்று, அதாவது தங்கத்தின் தரம். குவைத்து அரசாங்கம் அடித்த முத்திரைக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அடித்த முத்திரைக்கும் அங்கே பேச்சில்லை. ஏன் இப்படி? மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? நாம் எதைக் கேட்க வேண்டும்? இன்று பேச வந்தது இவற்றைத்தான்.

முதலில் கணக்கு. சுத்தத் தங்கம் 24 கரட். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மிச்சம் செப்பும் வெள்ளியும். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916 வரும். வளைகுடா நாடுகள் பலவற்றில் பெருவழக்காக விற்பது 21 கரட், அது 875. 18 கரட் 750. நம்மவர் பலர் 875 என்பதைப் பார்த்துவிட்டு இது கள்ளத் தங்கமோ என்று பயப்படுகிறார்கள். கள்ளமில்லை, அது வேறொரு தரம், அவ்வளவுதான். ஐந்து பவுண், அதாவது 40 கிராம் 21 கரட் காப்பில் 35 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒருவர் "இது 20 கரட்" என்று சொன்னால் 33.3 கிராமுக்குத்தான் பணம் வரும். ஒன்றரைக் கிராமுக்கும் மேலான சுத்தத் தங்கம் ஒரு வாய்ச்சொல்லில் போய்விடுகிறது. சொன்னவர் ஏமாற்ற நினைத்திருக்கத் தேவையில்லை. உரைகல்லில் ஒரு கரட் வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்துச் சொல்வது கைதேர்ந்தவருக்கே கடினம். ஆனால் அந்தச் சந்தேகத்தின் நட்டம் முழுவதும் பாலைவன வெயிலில் உழைத்து வந்த பெண்ணின் தலையில் விழுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முஸ்லிம் சகோதரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஸக்காத் கடமையாகும் தங்கத்தின் அளவை 85 கிராம் சுத்தத் தங்கம் என்று கொள்வது வழமை. கையில் இருப்பது 21 கரட் என்றால் ஏறத்தாழ 97 கிராமில்தான் அந்தச் சுத்தத் தங்கம் சேரும். 22 கரட் என்றால் 93 கிராம் அளவில். சட்டவிளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, நகையின் மாற்று சரியாகத் தெரியாவிட்டால் இறைவனுக்குக் கொடுக்கும் கணக்கே தடுமாறும் என்பது. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது.

நிறையையும் மாற்றையும் எழுத்தில் வைப்பது தமிழர்களுக்கும் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜ சோழன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற பெயருடைய நிறைகல்லால் நிறுத்ததாக எழுதியிருக்கிறார்கள். எந்த நிறைகல் என்பதையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பு அரசன் கொடுத்த பொன்னுக்கே அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

இனி வெளிநாடுகளுக்குப் போவோம். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டு, முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. பொற்கொல்லர் தொழிற்குழுவின் கண்காணிப்பாளர்கள் பட்டறைகளுக்குப் போய்ச் சோதித்து, சரியான தரத்தில் இருப்பதற்குச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1478 வாக்கில் முறை மாறியது. பொருளை லண்டனில் பொற்கொல்லர் மண்டபத்துக்கே கொண்டுவர வேண்டும். அங்கே சம்பளத்துக்கு அமர்த்திய ஒரு பரிசோதகர் சோதிப்பார். முத்திரையோடு அந்த வருடத்துக்குரிய ஓர் எழுத்தும் அடிக்கப்படும். எழுத்து எதற்கு? பின்னாளில் தரம் குறைவென்று தெரியவந்தால், எந்த வருடம் யார் பரிசோதகராக இருந்தார் என்று பார்த்து அவரைப் பிடிக்கலாம். விற்றவரை மட்டுமல்ல, சோதித்தவரையும் பொறுப்பாளியாக்கியது அந்த எழுத்து. முத்திரை பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த ஏற்பாடுதான்.

இன்றைக்கு அங்கே 1973ஆம் ஆண்டின் முத்திரையிடல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட், எடின்பரோ ஆகிய நான்கு ஊர்களில் பரிசோதனை அலுவலகங்கள் உண்டு. ஒரு கிராமுக்கு மேற்பட்ட எதையும் முத்திரை இல்லாமல் தங்கம் என்று சொல்லி விற்பது அங்கே குற்றம். வெள்ளிக்கு அந்த எல்லை 7.78 கிராம். மூன்று அடையாளங்கள் கட்டாயம்: சோதனைக்குக் கொடுத்தவர் யார், தரம் என்ன, சோதித்த அலுவலகம் எது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தாலிக்கொடி விற்கும் நம் ஆட்களுக்கும் இதே சட்டம்தான். கல்முனையில் ஒரு தொழிலாளி அருமையான வேலைப்பாட்டோடு ஒரு மாலை செய்து லண்டனில் விற்க அனுப்பினால், அங்குள்ள அலுவலகம் ஒன்றில் அது மறுபடி சோதிக்கப்பட்டு முத்திரை வாங்க வேண்டும். இங்கே நாம் அடித்த 916 அங்கே செல்லாது.

ஒரு நாட்டின் முத்திரை இன்னொரு நாட்டில் எப்போது செல்லும் என்பதற்கு 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தெளிவான பதில் கொடுத்தது. நெதர்லாந்தில் நடந்த ஹவுட்விப்பர் வழக்கு அது. வேறு ஐரோப்பிய நாட்டில் முத்திரையிட்ட நகையை மறுபடி முத்திரையிடச் சொல்லலாமா என்பது கேள்வி. அந்த முத்திரை வாங்குபவருக்கு அதே விவரத்தைத் தருகிறதென்றால், அதை இட்டது சுயாதீனமான ஓர் அமைப்பு என்றால், மறுபடி கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். சுயாதீனமான அமைப்பு என்ற நிபந்தனையை மனதில் வையுங்கள். செய்தவரே அடித்த முத்திரையை ஏற்கும்படி அந்தத் தீர்ப்பு எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை.

நாடுகளுக்கிடையே முத்திரை செல்லுபடியாவதற்கு ஓர் உடன்படிக்கையும் இருக்கிறது. 1972 நவம்பரில் வியன்னாவில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. தராசுச் சின்னமும் நடுவே தர எண்ணும் கொண்ட பொது முத்திரை அதன் அடையாளம். ஓர் உறுப்பு நாட்டில் அடித்தால் மற்ற உறுப்பு நாடுகளில் மறுசோதனை வேண்டியதில்லை. பிரித்தானியா, சுவிட்சர்லாந்து, நோர்வே, போலந்து, இஸ்ரேல் போன்றவை அதில் இருக்கின்றன. இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை.

எல்லா நாடும் ஒரே வழியில் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் அரசாங்கப் பரிசோதனை கிடையாது. 1906இன் சட்டப்படி, தர எண்ணை அடிப்பவர் அதற்குப் பொறுப்பு. 1961 முதல் தர எண்ணோடு தன் வணிகக் குறியையும் அடிக்க வேண்டும். ஜேர்மனியிலும் உற்பத்தியாளர் தானே அடிக்கலாம். சுவிட்சர்லாந்தில் தங்கக் கைக்கடிகாரக் கூட்டுக்கு அரச முத்திரை கட்டாயம், நகைக்கு விருப்பம். "பெரிய நாடுகளிலேயே கட்டாயமில்லையே" என்று வாதிடுவோர் இதை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அங்கே பொய்யாக அடித்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் வழி வாங்குபவருக்குத் திறந்திருக்கிறது. நாவிதன்வெளியில் ஒரு விதவைத் தாய் அரைக் கரட் குறைந்ததற்காக வழக்குப் போடுவாரா? நீதிமன்றம் எட்டாத இடத்தில்தான் முத்திரை மிகவும் தேவை.

வளைகுடா நாடுகளில் கண்காணிப்பு கடுமையானது. குவைத்தில் வர்த்தக அமைச்சின் பிரிவொன்றே பெறுமதிமிக்க உலோகங்களைச் சோதித்து முத்திரையிடுகிறது. டுபாயில் மாநகரசபையின் மத்திய ஆய்வுகூடம் இந்த வேலையைச் செய்கிறது. ஆக, அங்கே முறையான கடையில் வாங்கிய 21 கரட் நகையைப் பற்றி நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடைச்சீட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள். இங்கே பேசும்போது உங்கள் பக்கம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

நமக்கு மிக நெருங்கிய பாடம் இந்தியாவில் இருக்கிறது. அங்கே 2000ஆம் ஆண்டில் தங்க முத்திரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். விருப்பமானவர் சேரலாம் என்றுதான் இருபது வருடம் ஓடியது. பெரிய கடைகள் சேர்ந்தன. சிறிய ஊர்களில் பழைய நிலையே. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கினார்கள். 2023க்குள் அது 343 மாவட்டங்களாக விரிந்தது. 2021 ஜூலையில் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக ஆறு எழுத்தெண் அடையாளம் கொடுக்கத் தொடங்கினார்கள்; 2023 ஏப்ரல் முதல் திட்டம் நடக்கும் மாவட்டங்களில் அது இல்லாமல் புது நகை விற்க முடியாது. இரண்டு கிராமுக்கு உட்பட்ட நகைக்கும், வருட விற்பனை 40 இலட்சம் இந்திய ரூபாய்க்குக் குறைந்த சிறு வியாபாரிக்கும் விலக்கு உண்டு. முத்திரையில் சொன்ன தரத்திலிருந்து குறைந்திருந்தால், குறைந்த மதிப்பின் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கிடைக்க விதி இருக்கிறது.

அந்த ஆறு எழுத்தெண்ணால் நமக்கும் பயன் இருக்கிறது. தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அதைப் போட்டால், எந்தக் கடை கொடுத்தது, எந்த மையம் சோதித்தது, என்ன வகை நகை, என்ன தரம் என்று காட்டும். சென்னைத் தோடு வைத்திருப்பவர் இங்கே அன்னமலையிலிருந்தே தன் கைபேசியில் பார்க்கலாம். நகை வகை தோடு என்றில்லாமல் மோதிரம் என்று காட்டினால், அந்த எண் வேறெங்கிருந்தோ எடுத்து அடிக்கப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

இது சுமுகமாக வந்துவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதி இந்திய நகை வியாபாரிகள் ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் செய்தார்கள். சோதனை மையங்களில் நகை தேங்குகிறது, காலதாமதமாகிறது என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் இருந்தது. மையம் இல்லாத ஊரில் முத்திரையைக் கட்டாயமாக்கினால் சின்னத் தொழிலாளிதான் முதலில் நசுங்குவான். இந்தியா மாவட்டம் மாவட்டமாகப் போனதற்குக் காரணமும் அதுதான்: மையம் இருக்கும் மாவட்டத்தில்தான் முதலில் கட்டாயமாக்கினார்கள்.

சோதனை என்றால் என்ன என்று நம் தொழிலாளர்கள் முன் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகையிலிருந்து துளியளவு சுரண்டி எடுத்து, வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, நுண்துளைகள் கொண்ட சிறு கிண்ணத்தில் ஆயிரம் பாகையைத் தாண்டிய உலையில் வைப்பார்கள். ஈயம் உருகி ஒட்சைட்டாகி, செப்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். தங்கமும் வெள்ளியும் ஒரு மணியாக எஞ்சும். அதைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி நைத்திரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும். தங்கம் மட்டும் நிற்கும். முதலில் எடுத்த எடையையும் இப்போதைய எடையையும் ஒப்பிட்டால் ஆயிரத்தில் எத்தனை என்று வந்துவிடும். நம் பட்டறைகள் புடமிட்டு அறிந்த அதே உண்மை, தராசின் துல்லியத்தோடு. எக்ஸ்கதிர்க் கருவி அரை நிமிடத்தில் எண் காட்டும், நகையும் சேதமாகாது. ஆனால் அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். தடித்த முலாம் பூசிய சாமானை அதைக் கொண்டு மட்டும் நம்பக் கூடாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

தொழிலாளர்களுக்கு இதற்குள் இன்னொரு சொல். கேடிஎம் நகை என்று ஒரு காலத்தில் பெருமையாக விற்றார்கள். கட்மியம் கலந்த பொடிகொண்டு பற்றவைத்தால் தங்கத்தின் மாற்று அதிகம் குறையாது என்பதே காரணம். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்னும். இந்தியாவில் முத்திரைக்குப் போகும் நகையில் அது தடை. இன்னும் யாராவது பாவிப்பதாக இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாகத் துத்தநாகம் சேர்ந்த பற்றுப் பொடிகள் இருக்கின்றன.

இலங்கையின் நிலை என்ன? 1993ஆம் ஆண்டு 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அமைந்தது. அது தங்கத்தைச் சோதித்து முத்திரையும் இடுகிறது. ஆனால் நகைக்கடைக்காரர் விரும்பினால் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதன் சோதனைக்கூடம் கொழும்பில். ஒரு சோடிக் காப்பைத் தூக்கிக்கொண்டு கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் எந்தத் தொழிலாளி கொழும்புக்குப் போவார்? தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பயணம் பாதுகாப்பும் இல்லை. ஆகவே நம் பகுதியில் 916 என்று நகையில் இருந்தால், பெரும்பாலும் அதை அடித்தது விற்றவரின் கையில் இருந்த அச்சு. அச்சை யாரும் வாங்கலாம். எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விற்பதில் இலாபம் பார்ப்பவர் தன் பொருளுக்குத் தானே சாட்சி சொல்கிறார். பரம்பரையாக நேர்மைக்குப் பெயர்பெற்ற வியாபாரிகள் கல்முனையில் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். முத்திரை அவர்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அச்சு வாங்கி அடிக்கிற ஆளும் அவர்களும் இன்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சுயாதீன முத்திரை வந்தால் முதலில் வெல்லப் போவது அந்த நேர்மையானவர்கள்தான். ஆகவே இதைக் கேட்டு முதல் கையெழுத்துப் போட வேண்டியவர்களும் அவர்கள்தான் என்பது என் முடிவு.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நகை வாங்கும்போது பற்றுச்சீட்டில் தங்கத்தின் எடை, கரட், கல்லின் எடை, செய்கூலி, சேதாரம் இவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். "22 கரட்" என்று வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்குவோர் இரண்டையும் ஒரே பேரமாகப் பேசாதீர்கள். பழையதன் எடையும் மாற்றும் முதலில் தீரட்டும், புதியதன் விலை பிறகு. இதில் மார்க்க வரம்பும் இருக்கிறது, முஸ்லிம் தாய்மார் உங்கள் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

நான் கேட்பது பெரிய மாளிகையல்ல. கிழக்கு மாகாணத்தில் ஒரு சோதனைக்கூடம் வேண்டும். கல்முனையில் வைத்தால் மட்டக்களப்பிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வரலாம். நெருப்புச் சோதனைக்கு ஓர் உலை, ஒரு நுண்தராசு, ஓர் எக்ஸ்கதிர்க் கருவி, முத்திரையிடும் லேசர், பயிற்சி பெற்ற சிலர். நம் நகைத் தொழில் குடும்பங்களில் இரசாயனவியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு அவர்களைப் பயிற்றலாம். அதன்பின் இந்தியா செய்ததுபோல் மையம் உள்ள மாவட்டங்களில் முதலில் கட்டாயமாக்கலாம், சிறு தொழிலாளிக்குக் கட்டணத்தையும் எடை எல்லையையும் இலகுவாக்கலாம். வியன்னா உடன்படிக்கையில் நாடு சேர்வதைப் பற்றி அதற்குப் பிறகு பேசினால் அர்த்தம் இருக்கும். உள்ளூரில் சாட்சி இல்லாத முத்திரையை வெளிநாடு ஏன் ஏற்கப் போகிறது?

இங்கே பிரதேச சபை உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். சபையின் அடுத்த அமர்வில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: கிழக்கில் நகைச் சோதனைக்கூடம் ஒன்றை அமைக்குமாறு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையைக் கோருவதாக. கல்முனை மாநகரசபையிலும் அதையே வைக்கச் சொல்லுங்கள். தமிழர் முஸ்லிம் என்ற பேதம் இந்த விடயத்தில் யாருக்கும் இல்லை. தீர்மானத்தோடு அனுப்புவதற்கு நகைத் தொழிலாளர்களின் கையெழுத்துகளைத் திரட்டும் வேலையை இன்று இந்த மண்டபத்திலேயே தொடங்குங்கள்.